திண்ணையில் அமர்ந்திருப்பவர்
(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மங்கல விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று அறங்காவலர் ஒருவர் என்னிடம் தயக்கத்தோடு கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையையே உங்கள் முன்னும் வைக்கிறேன். இன்று நம்முள் பெரும்பாலோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு இங்கு வந்திருக்கிறோம். ஒரு சில வீடுகளை மட்டும் பூட்டவில்லை. அங்கே ஒருவர் பின்கட்டு அறையிலோ திண்ணையிலோ தனியே அமர்ந்திருக்கிறார். "அவர் வரவில்லையா?" என்று உறவினர் கேட்டால், "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவருடைய தாய் பேச்சை மாற்றிவிடுவார். விழாவுக்கு வராத அந்த ஒருவரைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

என் தம்பியும் அப்படிப்பட்டவர்களுள் ஒருவன். அவனுடைய இசைவைப் பெற்ற பின்னரே அவனைப் பற்றி இங்கே கூறுகிறேன். 1984-ஆம் ஆண்டில் அவனுக்கு வயது இருபத்தொன்று. கல்லூரியின் இறுதியாண்டில் இருந்தபோது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் குரல்கள் கேட்பதாகவும், அண்டை வீட்டார் தனக்குத் தீங்கு செய்யச் சூழ்ச்சி செய்வதாகவும் கூறத் தொடங்கினான். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரைகள் உட்கொண்ட சில மாதங்களில் குரல்கள் அடங்கின, அச்சமும் தணிந்தது. நோய் நீங்கிவிட்டது என்று எங்கள் வீட்டில் மகிழ்ந்தோம்.

ஆனால் அவன் மீண்டும் பழைய தம்பியாக வரவில்லை. காலையில் எழுந்து திண்ணையில் அமர்ந்தால் பொழுது சாயும் வரை அங்கேயே இருப்பான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை வரும். சில வேளை அதுவும் வராது. குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பான். நண்பர்கள் வந்து பேசிப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. அப்போது நான் இளம் ஆசிரியன். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியவன், "உழவு மாடுகூடத் தன் தீனிக்கு உழைக்கிறது" என்று அவன் எதிரே நின்று சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு முன்போலவே தெருவைப் பார்க்கத் தொடங்கினான். என்னுடைய சொல் அவனைத் தைக்கவில்லை என்றே அன்று எண்ணிக்கொண்டேன். தைத்திருந்தது என்பதை அவனே பல்லாண்டு கழித்து என்னிடம் கூறினான்.

பின்னர் நான் ஆசிரியப் பணியை விட்டுச் சமூகப் பணியியல் பயின்று, மனநலச் சமூகப் பணியாளனாக இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றினேன். தம்பிக்கு இழைத்த பிழையே என்னை அத்துறைக்கு இழுத்துச் சென்றது. அங்கே கற்றவற்றுள் குடும்பத்தினருக்குப் பயன்படக்கூடியதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மனச்சிதைவு அரிய நோயன்று. உலக அளவில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஒருவர் இந்நோயோடு வாழ்கிறார் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908-இல் முன்வைத்தார். இந்நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் இரு கூறாகப் பகுப்பர். இல்லாத குரல் கேட்பது, அடிப்படையற்ற ஐயம் கொள்வது போன்றவை ஒரு கூறு. இவை இயல்பான மனத்தில் இல்லாதவை. நோயினால் கூடுதலாக வந்து சேர்பவை. எனவே மிகை அறிகுறிகள் எனலாம். மற்றொரு கூறு, இயல்பாக இருக்க வேண்டியவை குறைந்து போவது. மருத்துவர்கள் இவற்றை 'நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்' என்பர். நாம் குறை அறிகுறிகள் என்று வைத்துக்கொள்வோம்.

குறை அறிகுறிகள் ஐந்து. முகத்திலும் குரலிலும் உணர்ச்சி வெளிப்படாமை ஒன்று. பேச்சு வறண்டு போதல் இரண்டு. எதையும் தொடங்கவும் தொடரவும் உந்துதல் இல்லாமை மூன்று. இன்பத்தை நாடும் விருப்பம் குன்றுதல் நான்கு. பிறரோடு பழகும் நாட்டம் குறைதல் ஐந்து. குரல் கேட்டு அலறுபவரைக் கண்டால் ஊரே நோய் என்று ஒப்புக்கொள்ளும். அமைதியாகத் திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கண்டால் எவரும் நோய் என்று எண்ணுவதில்லை. சோம்பல் என்பர், திமிர் என்பர், வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றோரைப் பழிப்பர்.

நம் சமூகத்தில் இன்னொரு தவறான புரிதலும் உண்டு. அதையும் மறைக்காமல் கூற வேண்டும். பற்றின்மையை உயர்வாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆகவே, பேச்சைக் குறைத்து, நல்ல உடையில் நாட்டமின்றி, எவரோடும் ஒட்டாமல் இருக்கும் இளைஞனைக் கண்டு, "அவனுக்கு இப்போதே வைராக்கியம் வந்துவிட்டது" என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். துறவு என்பது ஒருவர் தெரிந்து மேற்கொள்வது. ஒவ்வொரு நாளும் மன உறுதியைக் கோருவது. இந்நோயோ அந்த மன உறுதிக்குரிய ஆற்றலையே உறிஞ்சிவிடுகிறது. மௌனம் மேற்கொண்டவரிடம் விழிப்பு இருக்கும். குளிக்கவும் உண்ணவும் பிறர் தூண்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு வேண்டியது மருத்துவரின் உதவி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது.

மருந்து இதற்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பலன், இம்மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அன்று முதல் வந்த மருந்துகள் குரல்களையும் ஐயங்களையும் பெரும்பாலோருக்கு நன்கு தணிக்கின்றன. குறை அறிகுறிகளை அவை அந்த அளவுக்குத் தணிப்பதில்லை. இதைக் கேட்டுவிட்டு, "பின் ஏன் மாத்திரை?" என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தினால் குரல்கள் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி; ஒவ்வொரு முறை நோய் மீளும்போதும் குடும்பம் பாடுபட்டுச் சேர்த்த முன்னேற்றம் குலையும். மருந்து நிலத்தைக் காக்கும் வேலி. உள்ளே பயிரிடுவது வேறு வேலை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. மந்தமாக இருப்பதெல்லாம் குறை அறிகுறி ஆகாது. மருந்தின் அளவு மிகுந்து உடல் இறுகியிருக்கலாம். மனச்சோர்வு நோய் உடன் சேர்ந்திருக்கலாம். குரல்கள் இன்னும் கேட்பதால் அஞ்சி ஒதுங்கியிருக்கலாம். தைராய்டுக் குறைபாடும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சீர்செய்ய முடியும். எனவே, "டாக்டர், முன்னைவிட மந்தமாக இருக்கிறான், காரணம் மருந்தா, நோயா, சோர்வா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பின் உண்ணாமையையும் நோன்பையும் கடைப்பிடிப்போர் நம்முள் பலர். மனநல மாத்திரைகள் பல இரவில் உட்கொள்ளுமாறு தரப்படுகின்றன. சில மாத்திரைகளை உணவோடு உட்கொண்டால்தான் உடல் அவற்றை நன்கு ஏற்கும். இதை மருத்துவரிடம் சொல்லாமல், இரவு வேளை மாத்திரையை ஓசையின்றி விட்டுவிடும் வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்தேன். நம் வழக்கத்தை எடுத்துக் கூறினால், மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாற்றித் தருவதற்கு மருத்துவருக்கு வழியுண்டு. நோன்பு நாள்களுக்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, மருந்தால் முழுதும் நிரப்ப முடியாத இடத்தை எது நிரப்பும் என்னும் கேள்விக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்னும் இரு ஆய்வாளர்கள் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கியிருந்த பெண் நோயாளரை 1960 முதல் 1968 வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை நேரம் என்ன செய்கிறார், அவருக்கென்று சொந்தமாகச் சீப்போ கண்ணாடியோ பெட்டியோ உண்டா, செவிலியர் அவரைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பன போன்றவற்றையெல்லாம் குறித்துவைத்தார்கள். வெறுமையான சூழலில் வைக்கப்பட்டவர்களிடம் ஒதுக்கமும் பேச்சு வறட்சியும் மிகுந்திருந்தன. சூழல் செழித்தபோது அவர்களுள் ஒரு பகுதியினர் தேறினார்கள். தேறியதற்குத் துணைநின்றவற்றுள் முதன்மையானது புது மருந்தன்று. ஒன்றும் செய்யாமல் கழியும் நேரம் குறைந்ததுதான். அவர்கள் முடிவுகளை 1970-இல் நூலாக வெளியிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணை நினைவுக்கு வந்தது. ஒன்றும் செய்யாமல் கழிந்த மணிநேரங்களை என் தம்பியின் குற்றமாக நான் எண்ணியிருந்தேன். அவையே நோயை வளர்க்கும் உரம் என்பதையும், அந்நேரத்தைக் குறைப்பது அவன் ஒருவனால் ஆகாது, உடனிருப்போர் கைகொடுக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஏன் அவனால் தானே தொடங்க முடியவில்லை? இதற்கும் ஓர் ஆய்வு விடை தருகிறது. ஆன் கிரிங் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது இது: இந்நோயுள்ளவர்கள் ஒரு நல்ல செயலில் ஈடுபட்டிருக்கும் அந்தக் கணத்தில் பிறரைப் போலவே பெரிதும் மகிழ்கிறார்கள், ஆனால் 'அது மகிழ்ச்சி தரும்' என்று முன்கூட்டியே எண்ணிச் சுவைக்கும் ஆற்றல் அவர்களிடம் குன்றியிருக்கிறது. இனிப்பை வாயிலிட்டால் இனிக்கிறது. ஆனால் நாளை இனிப்பு உண்ணலாம் என்ற நினைவு நாவில் நீர் ஊறச் செய்வதில்லை. ஆகையால், "கோயிலுக்கு வருகிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் விடை வரும். அந்த விடையை விருப்பமின்மையின் முடிவாகக் கொள்ளாமல், "நான் கிளம்புகிறேன், வா, தெருமுனை வரை சேர்ந்து நடப்போம்" என்று உடன் தொடங்கிவிட்டால், நடக்கும்போது அவர் முகம் சற்றே மலர்வதை நாம் காணலாம்.

மருத்துவ உலகம் இதற்கெனச் சில பயிற்சிமுறைகளை வகுத்துள்ளது. ஒன்று, சமூகத் திறன் பயிற்சி. கலிபோர்னியாவில் ராபர்ட் லிபர்மன் போன்றோர் வளர்த்த முறை இது. கடைக்காரரிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவது, பிறர் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்வது போன்ற செயல்களைச் சிறு படிகளாகப் பிரித்து, நடித்துப் பார்த்து, வெளியே சென்று செய்துபார்க்கச் செய்வர். மற்றொன்று, எண்ணங்களைச் சீர்செய்யும் அறிவாற்றல் சிகிச்சை. "முயன்றால் தோற்றுத்தான் போவேன்; முயலாமல் இருப்பதே மேல்" என்னும் தோல்வி எண்ணம் இவர்களுடைய செயலின்மைக்குப் பின்னே மறைந்திருப்பதை ஆரன் பெக்கும் அவர் குழுவினரும் கண்டனர். மிகவும் முடங்கியிருந்த அறுபது பேரிடம் பதினெட்டு மாதங்கள் நடத்திய ஆய்வின் முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எது பொருளுடையது என்று கேட்டறிந்து, அதை நோக்கிச் சிறு செயல்களை அமைத்துச் சென்றவர்களிடம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட முடக்கம் குறைந்து செயல்பாடு கூடியிருந்தது.

யோகப் பயிற்சியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மருந்தோடு யோகம் செய்தவர்களையும், மருந்தோடு உடற்பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், யோகம் செய்தவர்களிடம் குறை அறிகுறிகள் கூடுதலாகத் தணிந்திருந்தன. இசைச் சிகிச்சையும் பயன் தருவதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன.

எல்லா முறைகளும் வெற்றி பெற்றன என்று நான் சொல்லமாட்டேன். ஐக்கிய இராச்சியத்தில் 417 பேரிடம் நடத்திய ஓவியச் சிகிச்சை ஆய்வு 2012-இல் வெளியானது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. வந்து சேர்ந்தவர்களுள் பலர் தொடர்ந்து வரவுமில்லை. 275 பேரிடம் நடந்த உடலசைவுச் சிகிச்சை ஆய்வும் 2016-இல் அவ்வாறே முடிந்தது. வெற்றி கண்ட முறைகளிலும் கிடைத்த பலன் பெரும்பாலும் மிதமானதே. ஆகவே, "மூன்று மாதத்தில் முற்றிலும் குணமாக்குவோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் நிலத்தை விற்றுப் பணம் கட்டாதீர்கள். இங்கே வேண்டுவது பெரும்பொருளன்று, நெடுங்காலப் பொறுமை.

அந்தப் பொறுமைக்கு இடமாக அமைவது குடும்பம். நான் முன்பு கூறிய ஜார்ஜ் பிரவுனும், அவருக்குப் பின் கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் ஆகியோரும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் குடும்பப் பேச்சை ஆராய்ந்தனர். ஓயாத குறைகூறலும் கடுஞ்சொல்லும் அளவு மீறிய கவலையும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீளுவது மிகுதியாக இருந்தது. இதே ஆய்வைச் சண்டிகரில் செய்தபோது, லண்டனைவிட அங்கே அத்தகைய குடும்பங்கள் குறைவாக இருந்தன. நம் நாட்டுக் குடும்பங்களின் தாங்கும் ஆற்றலுக்கு இது சான்று. ஆனால் இதைக் கேட்டு, குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று எவரும் வருந்த வேண்டாம். குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை. தேறும் வேகத்தை மாற்ற அதனால் முடியும்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் வழியில் நம் நாடு முன்னோடியாகவே இருந்திருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, அவர்களுக்கும் நோயைப் பற்றிக் கற்பித்தார். நமக்கு அருகில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளரோடு குடும்பத்தினர் ஒருவரும் தங்கிக் கற்கும் முறை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், பகல்நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி, குடும்பத்தினருக்கான ஆலோசனை என்று இந்நோயாளரின் மறுவாழ்வுக்கே தன்னை ஒப்படைத்துள்ளது. தமிழ்நாட்டு ஊரகப் பகுதி உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவியபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் முடக்கம் சிறிதளவேனும் கூடுதலாகக் குறைந்தது. பெரிய பட்டம் பெற்றவர்களால் மட்டுமே ஆகும் பணி இதுவன்று.

இதை எனக்கு முதலில் காட்டியவர் எழுத்தறிவு குறைந்த என் தாயார். நான் தம்பியைக் கடிந்த அந்த நாள்களில், அவர் ஒரு முறத்தில் இரண்டு கைப்பிடி மணிலாவை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தாமும் அமர்ந்து உரிக்கத் தொடங்கினார். விதைக்குரிய மணிலா அது. தோல் கீறாமல் கையால்தான் உரிக்க வேண்டும். "உரி" என்று அவர் சொல்லவில்லை. முதல் பல நாள்கள் தம்பி முறத்தைத் தொடவேயில்லை. நாள்தோறும் அதே வேளையில் முறம் வந்தது. ஒருநாள் அவன் ஒரு கொட்டையை எடுத்து உடைத்தான். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது வெதைக்கு ஆவும் கண்ணு, தனியா வையி" என்றார். அவ்வளவுதான். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வருவதற்குள், நாளுக்கு ஒரு படி மணிலாவை அவனே உரித்து வைத்தான். சிறிய வேலை, மாறாத வேளை, உடனிருக்கும் துணை, உண்மையில் வீட்டுக்குத் தேவைப்படும் பயன், அளவான பாராட்டு ஆகிய ஐந்தும் அந்த முறத்தில் இருந்தன. பின்னாளில் நான் பாடநூல்களில் படித்தவை இவையே.

ஆகவே, இந்நோயாளர் உள்ள குடும்பத்தினருக்குச் சில சொற்களைக் கூறி முடிக்க விரும்புகிறேன்.

முதலாவது, வேலையைச் சிறிதாக்குங்கள். "ஏதாவது செய்" என்பது அவர்களுக்கு மலை. "இந்தக் குடத்தில் நீர் பிடித்து இந்தச் செடிக்கு ஊற்று" என்பது படி. நாளொன்றுக்கு ஒரு செயல், ஒரே வேளையில். நம் இல்லங்களில் பொழுது சாயுமுன் அனைவரும் ஒன்றாய் உணவுக்கு அமரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவ்வேளைக்கு இலை எடுத்துவைப்பது, தண்ணீர் வைப்பது என்று ஒரு பொறுப்பை அவருக்கென்றே விட்டுவையுங்கள். அவர் அறைக்கு உணவை எடுத்துச் சென்று கொடுக்கும் வழக்கத்தை மெல்ல நிறுத்துங்கள்.

இரண்டாவது, சொல்லை மாற்றுங்கள். "எப்போது பார்த்தாலும் படுக்கைதான்" என்பதற்கு மாறாக, "நீ இன்று குளித்துவிட்டு வந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, நாளையும் காலை ஏழு மணிக்கு நீர் வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். கண்டதை, உணர்ந்ததை, வேண்டுவதை மட்டும் சொன்னால் போதும். அடிக்காமல் இருப்பது மட்டும் தீங்கு செய்யாமை ஆகிவிடாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, குறித்துவையுங்கள். நாள்தோறும் பார்த்தால் மாற்றம் தெரியாது. ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அவர் தாமாகக் கேட்ட முதல் கேள்வி எந்த வாரத்தில் வந்தது என்பது தெரியும். மருத்துவருக்கும் அது பயன்படும்.

நான்காவது, திருமணம் மருந்தாகாது. "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்துச் செய்யும் திருமணம் இரு உயிர்களுக்கு இழைக்கும் தீங்கு. தேறியவர் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் இரு குடும்பமும் அறிந்து, மருத்துவரைக் கலந்து செய்ய வேண்டும்.

ஐந்தாவது, பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள். பெரும்பாலும் அது தாய். அவருக்குப் பின் அக்காளோ தங்கையோ. அவர்களும் ஒருநாள் உறவினர் வீட்டுக்குச் சென்றுவர வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயால் வரும் ஊனத்தையும் ஏற்கிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் பெற்றால் அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெற, 14416 என்ற டெலிமானஸ் தொலைபேசி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. நோயாளர் உணவை அடியோடு மறுத்தாலோ, உயிர் துறப்பதைப் பற்றிப் பேசினாலோ, காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழ் கொடுக்கச் செல்லும்போது, குடும்பத் தலைவரிடம் மட்டும் கொடுத்துத் திரும்பாமல், உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லி அவரையும் அழையுங்கள். அவருக்கென்று ஒரு சிறு பணியையும் சொல்லிவிட்டு வாருங்கள். பூத் தொடுப்பது, நாற்காலி அடுக்குவது, தண்ணீர் வழங்குவது எதுவாயினும் சரி. வந்தால் பெரிதாக வியக்க வேண்டாம். வராவிட்டால் அடுத்த ஆண்டும் அழையுங்கள். கோயிலுக்கு அருகில் வாரம் ஒருநாள் இத்தகைய குடும்பத்தினர் கூடிப் பேச ஓர் அறை ஒதுக்கித் தந்தால், அதுவும் பேருதவியாக இருக்கும்.

என் தம்பி முற்றிலும் பழைய நிலைக்கு வந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அது உண்மையாகாது. இன்றும் மாத்திரை உட்கொள்கிறான். இன்றும் குறைவாகவே பேசுவான். பெருங்கூட்டத்தில் நெடுநேரம் இருக்கமாட்டான். ஆனால் எங்கள் நிலத்து வரவு செலவுக் கணக்கு அவன் கையெழுத்தில்தான் இருக்கிறது. இன்று காலை பந்தியில் இலை போட்டவர்களுள் அவனும் ஒருவன். முதல் பந்தி முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். போகுமுன் என்னிடம், "அண்ணா, அந்த மாட்டுக் கதையையும் சொல்லிவிடு" என்றான். அதனால்தான் சொன்னேன்.